ஒரு பிள்ளைக்கு ஒரு சாண்

ரெங்கம் ஊரில் கமலநாதன் வீட்டு நாய், சின்னப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்தால் தரையை விட்டு ஒரு சாண் உயரும். இரண்டு பிள்ளைகள் வந்தால் இரண்டு சாண். அப்படி உயர்ந்திருக்கும்போது அதற்கு எடையே கிடையாது. மற்ற நேரத்தில் தொண்ணூறு கிலோ. கிரேட் டேன் ஜாதி, குட்டியாக வந்தபோது வறுத்த கடலை நிறத்தில் இருந்ததால் மகன் ரூபேந்திரன் அதற்கு, மலாயில் கடலையைச் சொல்வதுபோல், கச்சாங் என்று பெயர் வைத்தான். அந்தக் கடலை ஆறே மாதத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது, வாலை ஆட்டினால் மேசைமேல் இருக்கும் மைலோ கோப்பைகள் சுவரில் போய் விழும். கமலநாதன் சிங்கப்பூரில் தங்கி வேலை பார்க்கிறவன், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். ஆக, நாயை ஆசைப்பட்டு வாங்கியது அவன், வளர்த்தது அவன் மனைவி யோகேஸ்வரி. உலகத்தில் நடப்பதுதானே. தினமும் கோழிக்கழுத்தும் சோறும் ஒரு பானை ஆக்கிப் போட்டாள். அது வடித்த எச்சிலைத் துடைக்க வீட்டிலிருந்த பழைய கைலிகள் போதவில்லை.

உயர ஆரம்பித்தது மகள் லோஷினி நடை பழகியபோதுதான். ஒருநாள் கச்சாங் சந்தோஷத்தில் வாலை வீச, குழந்தை குப்புற விழுந்து உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. நாய் அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. பிறகு ஒரு காலையில் குழந்தை தானாகத் தவழ்ந்து அதனிடம் போனபோது அது எழுந்து நின்றது, நாலு காலும் தரையில் படாமல். யோகேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் துடைப்பத்தை அதன் அடியில் விட்டுக் கூட்டினாள், வசதியாகத்தான் இருந்தது. குளுவாங் மிருக டாக்டர், முள் நகராத தராசை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தடுப்பூசி போட்டு அனுப்பினார். அதன்பின் லோஷினியும் அவள் அண்ணன் ரூபேந்திரனும் அதன் முதுகில்தான் வளர்ந்தார்கள். காய்ச்சல் வந்தால் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவார்கள். அந்தப் பிராணிக்கு இருந்த பொறுப்பு, பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இல்லை.

லோஷினிக்கு மூன்று வயதானதும் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் அது நடக்காது. தாய்மாமன் லெட்சுமணன் யோங் பெங்கில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவன். அவள் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்ட நாளிலிருந்து அவள் வாசலை மிதித்ததில்லை. யோகேஸ்வரி வெட்கத்தை விட்டு போன் போட்டாள்.

"சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்ல மாடு மாதிரி நாய வச்சிருக்கியாமே. ஒரு நாளு திரும்பிப் படுத்துச்சுன்னா புள்ள என்னாவும்? மொதல்ல அத அனுப்பு. நாயா நானா, நீயே பாத்துக்க."

சாண் கணக்கையெல்லாம் சொன்னாள். குடிகாரி பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். வேறு வழியில்லாமல் நாயைக் கொடுக்க ஆள் தேடினாள். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் நாயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், விசேஷத்தன்றே வேன் அனுப்புவதாகச் சொன்னார். அண்ணன் வேண்டும் அவளுக்கு. நாயும் வேண்டும். அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

காது குத்தும் நாளில் கமலநாதனுக்கு லீவு கிடைக்கவில்லை. கச்சாங்கைப் பின்கட்டில், துணி காயப்போடும் கம்பியில் கட்டிவைத்தாள். நாய் போகப்போகிறது என்று கேட்டு லெட்சுமணன் வந்தான். நேரே கூடத்தில் போய்ச் சம்மணமிட்டு மடியைக் கொடுத்தான். பத்தர் செல்லப்பன் ஊசியை எடுத்ததுதான் தாமதம், லோஷினி வீறிட்டுக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி நாயின் முதுகில் ஏறிவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தனை பிள்ளைகளும் அவள் பின்னால் ஓடின. இருபதுக்கு மேல் இருக்கும். கச்சாங் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு, காயப்போட்ட சேலைகளோடும் முதுகில் பிள்ளையோடும் கூரைக்கு மேலே போய் நின்றது.

"அலமாக்! புள்ளைங்கள வெளிய தொரத்துங்க!" என்று கத்தினான் லெட்சுமணன். யோகேஸ்வரி ஓடிப்போய்க் கேட்டை மறித்துக்கொண்டாள்.

"ஒரு புள்ள நகரக் கூடாது! எல்லாம் ஒண்ணா போனா அது பொத்துன்னு விழுந்துரும்ணே!"

பிறகு ஒவ்வொரு பிள்ளையாக, கையில் ஒரு லட்டு கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு பிள்ளை போனால் நாய் ஒரு சாண் இறங்கும். முதுகிலிருக்கும் குழந்தை அசையாமல் இருக்கக் கழுத்தைக்கூடத் திருப்பாமல் இறங்கியது. கடைசியில் ரூபேந்திரனும் போனான், நாய் லெட்சுமணன் முன்னால் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அவன் ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்தான். பலூன் போல நகர்ந்தது. உள்ளே போய் மறுபடி சம்மணமிட்டு உட்கார்ந்தான். நாய் பின்னாலேயே மிதந்து வந்து அவன் மடியில் காலை மடக்கிப் படுத்தது, லோஷினி அதன் முதுகைவிட்டு இறங்கவில்லை. மாமன் மடியில் நாய், நாய்மேல் பிள்ளை. சாஸ்திரத்தில் இதற்குத் தடை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு பத்தர் இரண்டு காதையும் குத்தினார்.

குத்தி முடிந்ததும் லோஷினி லட்டு கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். தொண்ணூறு கிலோவும் லெட்சுமணன் மடியில் இறங்கியது. அவனால் மூச்சுவிட முடிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. கச்சாங்குக்கு அசதி, அவன் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பெக்கான் நானாஸ் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது.

"நாயி எங்கயும் வரல. சாப்புட்டுட்டு நீ கெளம்பு லா," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான் லெட்சுமணன்.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் போதும், நாய் எழும்பிவிடும். யோகேஸ்வரி கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடச் சொல்லவில்லை. இலை போட்டாள். அவன் கை இரண்டும் நாய்க்கு அடியில் மாட்டியிருந்ததால் அவளே பிசைந்து ஊட்டிவிட்டாள். சாம்பாரில் உப்பு கம்மி என்றான். உப்பு எடுத்துவர உள்ளே போனாள்.