மூடிய அறையில் கூட்டச் சத்தம்

ஒலிப்பதிவு நடக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவோம். அதன் மெல்லிய ரீங்காரம்கூட மைக்கில் விழும். கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் யாரும் கதவைத் தொட மாட்டார்கள்.

அன்று ஒரு கார்ட்டூன் படத்துக்கு, ஊரே கூடிக் கத்தும் காட்சி. ஆள் போதவில்லை.

"நீயும் உள்ள போய்க் கத்து," என்றார் சவுண்ட் இன்ஜினியர், அவருடைய உதவியாளான என்னிடம்.

"எனக்குச் சத்தம் வராதே சார்."

"அதுவும் வேணும். கூட்டத்துல ஒரு வாயில்லாப்பூச்சி இருக்கும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் சிங்கம். எந்தப் படத்தில் சிங்கம் வந்தாலும் குரல் அவருடையதுதான், அதனால் அந்தப் பெயர். கர்ஜிப்பதற்கு முன் இருமினார்.

"தொண்டைல கிச்சுகிச்சு, வேற ஒண்ணுமில்ல," என்று மைக்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்.

எங்கள் ஸ்டுடியோவில் சுத்தம் என்றால் அதுதான். காற்றைத் துடைக்க முடியாது. கத்தும்போது சாதாரண மூச்சைவிட அதிகத் துளிகள் வெளியே வரும்; மிகச் சிறியவை மூடிய அறையில் மிதந்துகொண்டே இருக்கும். படித்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கதவைத் திறக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மாலைவரை கத்தினோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஸ்டுடியோ வாட்ஸ்அப் குழுவில் சிங்கம் எழுதியிருந்தார்: காய்ச்சல், டெஸ்ட்டில் இன்ஃப்ளூயன்ஸா என்று வந்திருக்கிறது, எல்லோரும் ஜாக்கிரதை. அதைப் படித்தபோது தம்பி என் தோளில் சாய்ந்திருந்தான்.

போன வருடம் அவனுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அம்மா. உடம்பு அதை அந்நியம் என்று விரட்டாமலிருக்க, அவனுடைய எதிர்ப்புச் சக்தியை மாத்திரைகளால் அடக்கி வைத்திருக்கிறார்கள். "அம்மா கிட்னி, அதான் விடியறதுக்குள்ள எழுப்பிவிடுது," என்பான்.

எழுந்து என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விஷயத்தைக் கதவுக்குப் பின்னாலிருந்தே அம்மாவிடம் சொன்னேன்.

"எல்லாரும்தான் ஃப்ளூவுக்கு ஊசி போட்டாச்சே?"

"எனக்குப் போன வாரம்தானேம்மா ஊசி போட முடிஞ்சுது. உடம்பு தயாராக ரெண்டு வாரம் ஆகும். அவனுக்கு அந்த மாத்திரைங்களால ஊசி முழுசா பிடிச்சிருக்காது."

"வராம இருக்கத்தானே போட்டோம்? அப்புறம் என்னத்துக்குடி அது?"

"வர்ற வாய்ப்பு குறையும். வந்தாலும் பெரும்பாலும் ஆளைச் சாய்க்காது. அவனுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லைன்னுதான் நம்மளையும் போட்டுக்கச் சொன்னாங்க. நம்ம வழியா அவன்கிட்ட போயிடக் கூடாதுல்ல."

அம்மா டாக்டரைப் போனில் அழைத்தாள். அவர் தம்பிக்கு ஃப்ளூவைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே எழுதி அனுப்பினார். இருமலோ காய்ச்சலோ வந்தால் ஒரு மணிநேரம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்றார்.

சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் அறை. சுவரில் காது வைத்துப் படுத்திருந்தேன்.

இருமினான். லொக், லொக். மறுபடி இருமினான். இந்த முறை கவனித்துக் கேட்டேன்.

"நடிக்காதடா! தொண்டையிலேர்ந்து வருது, நெஞ்சுலேர்ந்து இல்ல!"

சிரிப்புச் சத்தம். "சிங்கத்துக்கு முடியலைன்னா அந்த சான்ஸை எனக்கு வாங்கிக் கொடுக்கா."

"இன்னொரு தடவை இருமினே, கொன்னுடுவேன்!"

"இவளுக்கு இவ்வளவு குரலா?" என்றாள் அம்மா கூடத்திலிருந்து.

பிறகு அவன் விளையாடவில்லை. இரண்டு நாளில் என் காய்ச்சல் இறங்கியது. தப்பித்துவிட்டான் என்று நினைக்கவே பயமாக இருந்தது, கண் பட்டுவிடும்போல.

அடுத்த நாள் காலை குளியலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிறைந்து வழிந்த பிறகும் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஓர் இருமல். சின்னது, பாதியிலேயே விழுங்கப்பட்டது. நடிப்பவன் இருமலை விழுங்க மாட்டான்.

"அம்மா! ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, இப்பவே!"

"புரையேறிடுச்சுக்கா, அவ்வளவுதான்," என்றான் உள்ளேயிருந்து.

"அப்ப குழாயை எதுக்குடா திறந்தே?"

தண்ணீர் நின்றது.

நான் கூடப் போக முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அம்மா அழைத்தாள்.

"அதேதானாம். ஆனா நெஞ்சுல இறங்கலையாம். உடனே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சுன்னாங்க. ரெண்டு நாள் வச்சுப் பார்க்கணுமாம். ஊசி காப்பாத்துச்சா, புது மாத்திரையான்னு கேட்டேன். பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கறாங்க. இந்தா, அவன் பேசணுமாம்."

"அக்கா..."

"பேசாதே. மூச்சு மட்டும் விடு."

விட்டான். உள்ளே, வெளியே. ஜன்னல் திறந்திருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டே இருந்தேன்.