நோட்டீசில் இருந்த பெண்

வளைகுடாவில், ஈசா டவுனில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் எழுத்தாளர் விஜயபாஸ்கர் இருக்கிறார். மனைவி திருச்சியில். நான்காம் மாடியில் சுந்தராம்பாள், யாழ்ப்பாணத்துக்காரி. கேட்டால் தூரத்து உறவு என்பார் எழுத்தாளர். நடுவில் கடல் கிடப்பதால் தூரம் மட்டும் உண்மை. பல வருடமாக அவருக்குச் சோறு மேலிருந்துதான் இறங்குகிறது. கட்டடமே அறிந்த இந்தச் சங்கதி, புதிதாக வந்த என் எதிர்வீட்டுச் சந்தியாவுக்கு மட்டும் தெரியாது. அவள் விஜயபாஸ்கரின் டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் டீச்சர். விசா அவர் கையில்.

அந்தப் பெண் போய், பெண்கள் வாசகர் வட்டத்தில் பேச ஒரு தலைப்புக் கொடுத்தாள்: 'பெரிய எழுத்தாளர் மறைத்து வைத்த பெண்'. விக்டோரியா ராணி காலத்து நாவலாசிரியர் ஒருவர், பேர் என் வாயில் நுழையாது, குடும்பத்தின் மேன்மையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஒரு நடிகையைத் தனி வீட்டில் வைத்திருந்தாராம். நோட்டீஸ் வாட்ஸப்பில் வந்தது. சிறப்பு விருந்தினர் விஜயபாஸ்கர்.

மறுநாள் சாயங்காலமே அவர் சந்தியா வீட்டில். நானும் உறைமோர் கேட்கும் சாக்கில் அங்கே இருந்தேன்.

"தலைப்ப மாத்திடும்மா. நாவலப் பத்திப் பேசு. வெள்ளக்காரன் வீட்டு அழுக்கு நமக்கெதுக்கு?"

"சார், அந்தம்மா பாவம்னுதான்..."

"ஒன் விசா இந்த மாசம் முடியுதுல்ல? யோசிச்சுக்க."

போய்விட்டார். "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்றாள் சந்தியா. கண்ணால் மேல்மாடியைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது. "இந்த வேலை போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாதுக்கா."

வெள்ளிக்கிழமை கூட்டம். முன்வரிசையில் பட்டு ஜிப்பாவில் அவர். கடைசி வரிசையில், எந்தக் கூட்டத்துக்கும் வராத சுந்தராம்பாள். சந்தியா நாவல்களை மட்டும் பேசினாள். அவர் கச்சேரி கேட்பவர் போலத் தலையாட்டினார். கைதட்டல் அடங்கியதும் சுந்தராம்பாள் எழுந்தார்.

"பிள்ளை, அந்த மனிசியைப் பற்றிக் கதைப்பியள் எண்டு நோட்டீசில போட்டிருந்தது. அவவை இன்னும் காணேல்லை."

விஜயபாஸ்கரைப் பார்க்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். நான் பார்த்தேன். அணைந்து கிடந்த போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"நேரம் ஆயிடுச்சுங்கம்மா..." என்றாள் சந்தியா.

"நேரம் கிடக்கு. நான் அவவுக்காகத்தான் வந்தனான்."

சந்தியா தண்ணீர் குடித்தாள். காகிதங்களைத் தள்ளி வைத்தாள். அந்த நடிகை நாவலாசிரியரோடு ஊர் பார்க்க ஒரு தெருவில் நடக்க முடியாததைச் சொன்னாள். அவர் செத்த பின், தன் வயதைக் குறைத்து, அவரைச் சிறுவயதில் பழகிய குடும்ப நண்பர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்ததைச் சொன்னாள். சுந்தராம்பாள் கடைசிவரை உட்காரவில்லை. விஜயபாஸ்கர் பாதியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

முடிந்ததும் சுந்தராம்பாள், விஜயபாஸ்கர் நின்ற கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். எனக்கும் அந்தப் பக்கம்தான் காற்று வாங்கத் தோன்றியது.

"ஒனக்கு எதுக்கு இந்த வேல? அந்தப் பொண்ணுக்கு நாளைக்கே டிக்கெட் போடறேன். கலாஸ், அவ்வளவுதான், முடிஞ்சுது."

"போடுங்கோ. ரெண்டாப் போடுங்கோ, நானும் போறன்."

"நீ எங்க போவ?"

"யாழ்ப்பாணம்தான். ஆனா திருச்சியில இறங்கி, உங்கட வீட்டில ரெண்டு நாள் தங்கித்தான் போவன்."

அவர் சாவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து, விசா புதுப்பிக்கச் சந்தியாவின் பாஸ்போர்ட்டை அவரே வாங்கிப் போனார்.