இரண்டாம் சரணத்து இழுவை

இரண்டாவது சரணம் தொடங்கி ஒரு வரிகூட முடியவில்லை, என் வீட்டுக்காரர் தாளத்தில் பிந்தினார். பெரிதாக ஒன்றுமில்லை, கண் இமைக்கிற நேரத்தில் பாதிதான். வேறு எந்த டிரம்மராக இருந்தாலும் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். ஆனால் இந்த மனிதருக்குப் பட்டப்பெயரே மிஷின். அவர் அடிப்பதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறவளுக்கு டிரம்தான் தரை. பாடுகிறவன் எங்கே வேண்டுமானாலும் பறக்கட்டும், எனக்குக் கால் ஊன்ற அவர் மிதிக்கிற அந்தப் பெரிய டிரம்மின் சத்தம் வேண்டும். அன்று காலை நான் ஊன்றிய இடத்தில் தரை இல்லை. என் விரல் முந்திப் போய்த் தனியாக நின்றது.

"அண்ணி, அவசரப்படுறீங்க," என்றான் கொழுந்தன், மைக்கிலேயே.

எனக்குச் சுள்ளென்று வந்தது. இத்தனை வருஷத்தில் என்னை அவசரக்காரி என்று யாரும் சொன்னதில்லை, சமையலறையில் தவிர.

"ஆமாப்பா, எனக்குத்தான் ரயிலுக்கு நேரமாச்சு," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் குச்சிகளைத் தட்டி மறுபடி ஆரம்பித்தார். அதே இடம் வந்தது, அதே பிந்தல். இந்தத் தடவை நானும் கூடவே பிந்தினேன். யோசித்துச் செய்ததில்லை. பழகின உடம்பு, அவர் போன பக்கம் போனது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தான். முடித்ததும் சின்னப் பையன் மாதிரி குதித்தான்.

"ஐயோ, இதுதான்! அந்த இழுவை இருக்கு பாருங்க, நடக்க முடியாம நடக்குற மாதிரி! அண்ணே, எங்கேர்ந்து புடிச்சீங்க இதை?"

"என்னது?" என்றார் அவர்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதைத்தான் நான் பார்த்தேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். கார் கண்ணாடி மாற்றுகிற கடைக்கு மேலே ஓர் அறை, சத்தம் அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, ஞாயிற்றுக்கிழமை காலையானால் அங்கேதான் கிடப்போம். மற்ற நாட்களில் அவர் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை. அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தன் வீட்டில் போடத் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் அவன் பெண்டாட்டி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "உன்கூட வந்தா நான் எப்பவும் நின்னு நின்னு திரும்பிப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு சோபாதான் அவன் உலகம். குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, தட்டை நீட்டினால் சாப்பிட்டான். பெற்ற பிள்ளை போல ஒருத்தன் கண்ணெதிரே கரைவதைப் பார்ப்பது கொடுமை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மடியில் கிட்டார் இருந்தது. வார்த்தைகள் வந்துவிட்டிருந்தன.

முன்னால போ, நிக்காத,
பின்னாலதான் வர்றேன்.
கூப்பிட்டாலும் திரும்பாத,
குரல் மட்டும்தான் வருது.

எனக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதேன். அன்றைக்கே அவன் குளித்தான். அந்தப் பாட்டுதான் அவனைத் தூக்கி உட்கார வைத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற குழுக்கள் பதிவு செய்யும்போது காதில் கிளிக் என்று ஒன்றை ஓடவிடுவோம். டக் டக் என்று பிசகாமல் நேரம் சொல்லும். யார் பிந்தினாலும் முந்தினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பாட்டுக்குக் கிளிக் வேண்டாம் என்று கொழுந்தன் முதல் நாளே சொல்லிவிட்டான். பாட்டு மூச்சு விட வேண்டுமாம். எங்களுக்கும் அது அழகாகத்தான் பட்டது. மிஷின் இருக்கும்போது கிளிக் எதற்கு என்று நானே கேட்டேன்.

இழுவை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நீண்டது. கொழுந்தன் வாரத்துக்கு வாரம் சொக்கிப் போனான். நான் மட்டும் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் என் மாமனார்.

அவர் தையல்காரர். நான் மருமகளாகப் போன புதிதில், பேசிக்கொண்டே சட்டைக்குக் காலர் வைப்பார், துணியைப் பார்க்கக்கூட மாட்டார். முதலில் போனது வேகம்தான். ஒரு நாளில் முடிகிற சட்டை இரண்டு நாள் எடுத்தது. வயசாச்சுல்ல என்று எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிறகு முகத்தில் சிரிப்பு வரவே நேரமானது. நகைச்சுவை முடிந்து நாங்கள் வேறு பேச்சுக்குப் போன பிறகு அவர் முகம் மெதுவாக மலரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நூல் திரிக்கிற மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். கடைசியில் நான்தான் ஊட்டிவிட்டேன். ஸ்பூனை உதட்டருகே வைத்துக்கொண்டு வாய் திறக்கக் காத்திருப்பேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். கொழுந்தன் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தான். எப்போதாவது வந்து, அப்பா நல்லாத்தான இருக்காரு என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த வியாதியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அந்த மரியாதை ஒரு கேடா?

அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலும் வராது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். சீக்கிரம் பார்த்தால் மாத்திரை கொஞ்சம் கைகொடுக்கும் என்றும் சொல்லியிருந்தார். முதல் வாக்கியத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தான் துளைக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பியது.

"தோள் புடிச்சுக்கிட்டே இருக்குன்னீங்களே. ஒரு நடை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமாங்க?"

"பாட்டு முடியட்டும்."

"பாட்டுக்கும் தோளுக்கும் என்னங்க சம்பந்தம்?"

பொத்தானைப் போட்டு முடித்தார். அடுத்ததற்குப் போனார்.

"முடியட்டும்னேன்ல."

என்னிடம் அவர் குரல் உயர்த்தியதே கிடையாது. பழுது பார்க்கப் போன வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தால்கூட அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறவர். பயம் உள்ளே போனவருக்குத்தான் இப்படிக் கோபம் வெளியே வரும். இந்த மனுஷனுக்கும் சந்தேகம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோனது. சந்தேகம்தான், நிச்சயம் இல்லை. நிச்சயமாகாமல் பார்த்துக்கொண்டது நான். ஒவ்வொரு ஞாயிறும் அவர் எவ்வளவு பிந்துவாரோ அவ்வளவு நானும் பிந்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து பிந்தினால் அது பிந்தல் இல்லை, பாட்டின் நடை. கேட்கிறவர்களுக்கும் தெரியாது, அடிக்கிறவருக்கும் தெரியாது. சொன்னால் அவர் குச்சியைக் கீழே வைத்துவிடுவார், தம்பி மறுபடி சோபாவில் விழுவான். சொல்லாவிட்டால் மாத்திரைக்கான நாட்கள் போகும். இதில் எதைச் செய்தாலும் பாவி நான்தான்.

பதிவுக்குப் போனோம். பதிவு செய்பவரை எல்லாரும் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் மனிதர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பாட்டை முதல் தடவை கேட்டுவிட்டு, எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு என்று முணுமுணுத்தார். ஆளாளுக்கு அந்தப் பாட்டில் ஒருவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். பாட்டு வெளியிடும் கம்பெனி ஒன்றுக்கு மாதிரி அனுப்பினோம். பிடித்துவிட்டது, முழுசாக முடித்துக்கொடுங்கள் என்று பதில் வந்தது. கொழுந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நான் பொழச்சுட்டேன்," என்றான். என்ன சொல்வேன்? "நல்லா இரு," என்றேன்.

மிக்ஸிங் அன்றைக்கு அவர் வர வேண்டியதே இல்லை. எனக்கும் அங்கே வேலை கிடையாது, ஆனாலும் நான் போகத்தான் வேண்டும் என்றிருந்தேன். மிக்ஸிங்கில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிரித்துக் கேட்பார்கள்.

"நீங்க படுங்க, உங்களுக்கு அங்க போரடிக்கும்," என்றேன்.

"நம்ம பாட்டை நாம கேக்க வேணாமா? நல்ல கதையா இருக்கே," என்று செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.

மத்தியானம் சவுண்டின் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு நீள சோபா, அதில் நானும் அவரும். கொழுந்தன் சவுண்டின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். முதலில் குரல், பிறகு கிட்டார். பிறகு என்னுடையது. என் வாசிப்பைத் தனியாகக் கேட்க எனக்கே விநோதமாக இருந்தது, யாருடனோ பேசிக்கொண்டு போகிறவள் குரல் மட்டும் கேட்பது மாதிரி. தாகமாக இருக்கிறது, வெளியே போய் ஏதாவது குடிக்கலாம் என்று அவர் காதில் சொன்னேன். இரு, நம்ம முறை வருது என்று கையமர்த்தினார்.

"அண்ணனோட இழுவையைக் கேளுங்க, சும்மா சொல்லக்கூடாது," என்று சவுண்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்தார்.

டிரம் மட்டும் வந்தது.

முதல் சரணம் பரவாயில்லை. இரண்டாவது சரணத்தில் வலது கை அடி ஒவ்வொன்றும் இடத்துக்கு வந்து சேரத் தாமதமானது, சேர்ந்தபோது மெலிந்திருந்தது. தாங்கிப் பிடிக்க நான் பக்கத்தில் இல்லை. ஒரு வயதான மனிதர் படியேறுவதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் இருந்த கண்ணாடித் தடுப்பில் அவர் முகம் தெரிந்தது. அதில் ஒன்றுமே மாறவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது.

"இது நான் வேணும்னு அடிச்சதில்ல," என்றார் மெதுவாக.

"அதான்ணே ஃபீல்!" கொழுந்தன் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான். "வேணும்னு அடிச்சா வராது."

அவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பாட்டை முடித்திருக்கிறோம். அந்தப் பார்வையில் பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

"நீயும் கூடவே பிந்தியிருக்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் தலையசைத்தேன்.

"எங்க அப்பாவைப் பார்த்துக்கிட்ட மாதிரி."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றேன். "நாளைக்கே போவோம். நாளைக்குக் காலைலயே போயிடுவோம்ங்க."

அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன்னால் அவர்கள் இருவரும் தங்கள் உலகத்தில் இருந்தார்கள். பாட்டின் முடிவு சட்டென்று அறுந்துவிடுகிறது, கொஞ்சம் நீட்டலாம் என்றார் சவுண்டு. இழுவையிலேயே நல்ல இடமாக ஒரு துண்டு வெட்டி எடுத்து அடுத்தடுத்து ஒட்டினார். குரல் நின்றது, கிட்டார் நின்றது, டிரம் மட்டும் தொடர்ந்தது. அதே தாமதம், அதே மெலிந்த அடி, ஒரு மயிரிழை மாறாமல் மறுபடி, மறுபடி. கம்ப்யூட்டர் அவருடைய பிசகை மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, கொல்லுது," என்றான் கொழுந்தன். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"எவ்வளவு நேரம் ஓடட்டும்?" என்று சவுண்டு கேட்டார்.

"நிறுத்தாதீங்க. ஓடட்டும், அதுவா தேஞ்சு போகட்டும்."

சோபாவில் எங்கள் இருவருக்கும் நடுவே அவருடைய வலது கை கிடந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, எதையோ எண்ணுகிற மாதிரி, பாட்டைவிட வேகமாக. அவர் அதைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கையை அதன் மேல் வைத்து அழுத்தினேன். என் உள்ளங்கைக்கு அடியில் அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.