கெசியாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த சிந்தசைசர்

1

நான் ஒரு சிந்தசைசர் வாங்காமல் போனதால்தான் இந்தக் கதை எழுதப்படுகிறது. காசு இல்லாமல் இல்லை. கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். முடிவெடுக்கத்தான் வரவில்லை. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பல்லவிக்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, வயலினும் இல்லை, குழலும் இல்லை, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மெல்ல வீங்கி, மெல்ல வடியும். சிந்தசைசரில் பிறக்கும் அந்தச் சத்தம் என் வீட்டுக் கூடத்தில் கேட்க வேண்டும் என்று இந்த வயதில் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

யூடியூபைத் திறந்தேன். அனலாக்தான் அசல் பழைய சத்தம், மற்றதெல்லாம் நகல் என்றார் ஒருவர். ஆமாம் என்று பட்டது. கண்ணை மூடிக் கேட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது, டிஜிட்டலே போதும் என்றார் இன்னொருவர். அதுவும் ஆமாம் என்றுதான் பட்டது. எதையும் வாங்காதீர்கள், போனிலேயே ஆப் இருக்கிறது என்று மூன்றாமவர் சொன்னபோது அவர் காலில் விழலாம் போல இருந்தது. மறுநாள் காலையில் மறுபடி அனலாக்.

என் மனைவி சுதா, பொறுமைசாலி என்று ஊரில் பெயரெடுத்தவள், ஒருநாள் டிவி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

“நீங்க வாங்கப் போறதுமில்ல, என்னை சீரியல் பாக்க வுடப் போறதுமில்ல. அந்த ஊய்ங் ஊய்ங்னு கத்தறதக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க.”

அப்போதுதான் தோன்றியது. என் காசைப் போடுவதற்கு முன்னால் ஒரு கதாபாத்திரத்தை வாங்க வைத்துப் பார்த்தால் என்ன? அவள் வாங்கட்டும். என்ன ஆகிறது என்று நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன்.

2

“ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்த கெசியா, மலை மேலிருந்து வந்த”

(வேண்டாம். முதல் வரியிலேயே மலையைக் கொண்டுவந்தால், இது திருத்தணிதான் என்று சத்தியம் செய்வது போல இருக்கிறது.)

“கெசியாவுக்கு இசை என்றால் உயிர்.”

(இதுவும் வேண்டாம். இசை என்றால் உயிர் என்று சொல்லிக்கொள்கிறவர்களோடு எனக்குப் பழக்கமில்லை.)

2, மறுபடியும்

கெசியாவிடம் எல்லோரும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். பகலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசை. டோக்கன் எங்கே, டாக்டர் எப்போ வருவாரு, தண்ணி இன்னும் எத்தனை பாட்டில் குடிக்கணும். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு. பள்ளியில் படிக்கும்போதே அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. அங்கேயும் கேட்பார்கள். அரைக் கட்டை எறக்கும்மா, ரிதத்த வேகமா போடும்மா, அந்தக் கிறிஸ்மஸ் மணிச் சத்தத்தை வைம்மா. அவள் இறக்குவாள், போடுவாள், வைப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ வாசித்த பழைய பாட்டின் முன்னிசையைக் கேட்டுவிட்டு, கையில் ஐஸ்கிரீம் உருகுவது தெரியாமல் நின்றாள். அந்தச் சத்தம் வேண்டும். யாரும் எதுவும் கேட்காத ஒரு கருவியில், தனக்காக மட்டும். இதுதான் அவள் ஆசை. (என் ஆசையைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். ஆனால் அவள் கைக்குப் போனதும் அது என்னுடையதைவிடப் பெரிதாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.)

3

அவளை டிஜிட்டல் வாங்க வைக்கத்தான் திட்டம் போட்டேன். ஒரே நேரத்தில் பல சுரங்கள் பேசும், சின்ன ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும், புதுசு, ஒரு வருட உத்தரவாதம். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்.

அதற்கு முன்னால், சும்மா ஒரு காட்சிக்காக, அவளை ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் அனுப்பினேன். அங்கே சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் சடகோபனிடம், சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த பழைய அனலாக் ஒன்று கிடந்தது. கூம்பு ஒலிபெருக்கிகளுக்கும் சீரியல் பல்புச் சரங்களுக்கும் நடுவில் இருந்த அதை வேட்டி நுனியால் துடைத்து மேசைமேல் வைத்தார்.

“முன்னாடியே சொல்லிட்றேம்மா. இதுல ரிதம் கெடயாது, ஸ்பீக்கரும் கெடயாது. ஒரு நேரத்துல ஒரு சத்தந்தான் வரும். ரெண்டு கட்டைய சேத்து அழுத்தினா கடைசியா அழுத்தினதுதான் பேசும். அதான் ஒருத்தனும் வாங்க மாட்டன்றான்.”

“ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஆங். ஒண்ணே ஒண்ணுதான்.”

கெசியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினாள். ஒரு குமிழைத் திருகினாள். சத்தம் மெல்ல வீங்கியது. இன்னொன்றைத் திருகினாள். வடிந்தது. சடகோபன் டீ சொல்லிவிட்டு வந்தார், டீ வந்தது, ஆறியது. அவள் அதே ஒற்றைக் கட்டையில்தான் இருந்தாள்.

அவளை எழுப்பி டிஜிட்டலுக்கு நகர்த்த நான் எழுதிய வாக்கியங்கள்: “ஆனாலும் யோசித்துப் பார்த்தபோது கெசியாவுக்கு”, “விலை குறைவுதான் என்றாலும் நாளைக்கு ரிப்பேர் என்று வந்தால்”, “அப்போது அவள் போன் அடித்தது”. போன் அடிக்கத்தான் செய்தது. அவள் எடுக்கவில்லை.

“இது எனக்கு” என்றாள் சடகோபனிடம். சீட்டு எடுத்த பணம் கைப்பையில் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவேன் என்று சொன்னபோது சிரித்தபடியே காசை நீட்டினாள்.

நான் குழம்ப ஆரம்பித்தது இங்கேதான்.

4

கெசியாவின் அம்மா பிரேமகுமாரியை இதுவரை சொல்லாமல் விட்டுவிட்டேன்.*

* கதையில் அம்மா வந்தால் கண்ணீர் வரும், கண்ணீர் வந்தால் வாசகர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் தள்ளிப்போட்டேன்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். புதிதாக ஒன்று வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோய் ஜெபித்துவிட்டுத்தான் புழங்குவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஷோபனா ஸ்கூட்டி வாங்கியபோது போதகர் டேவிட்சன் அதன் ஹேண்டில்பாரில் கைவைத்து ஜெபித்ததை நானே பார்த்திருக்கிறேன். (நாங்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போகிறோம். பயம் எல்லோருக்கும் ஒன்றுதான்.) சின்னப் பொருள் என்றால் பீடத்துக்கு முன்னால் எடுத்துப் போகலாம். ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகும் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அங்கிருக்கும் மேசைமேல் வைத்துக் கையை எடுத்துவிட்டால் அது காணிக்கை. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், பிரேமகுமாரிக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கெசியா வழக்கம்போல சபையின் கீபோர்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா புதுத் துண்டில் சுற்றிய சிந்தசைசரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு முன்னால் போனார். அறிவிப்புகள் நீண்டன. பிரேமகுமாரி அதை மேசைமேல் இறக்கி வைத்தார். கையை எடுத்தார்.

ஜெபிக்கக் கண்ணை மூடியிருந்த போதகர் கண்ணைத் திறந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தது.

“நம்ம சபையைச் சேர்ந்த சகோதரர் ஜெபரத்தினம் நினைவா, அவருடைய குடும்பத்தார் ஒரு புதிய இசைக்கருவியை ஆண்டவருக்கு காணிக்கையா படைச்சிருக்காங்க.”

சபை முழுக்க “ஸ்தோத்திரம்” என்றது. கீபோர்டின் மேல் இருந்த கெசியாவின் விரல்கள் தவறான இடத்தில் இறங்கி, ஓர் அபஸ்வரம் வந்தது. ஸ்தோத்திரத்தில் அது கேட்கவில்லை. கணவரின் பெயரைக் கேட்டு அம்மா அழுதுகொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் காலேப் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். “ரொம்ப நல்லா கீது. ஆனா ரிதம் எந்த பட்டன்ல வருதுன்னு தெரியலயே. நீ கொஞ்சம் சொல்லும்மா” என்றார். கெசியா வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

5

சுதா இதுவரை படித்தாள்.

“இன்னாங்க இது, அந்தப் பொண்ணு பாவம். அந்த ஒரு வரிய அடிச்சிடுங்களேன். கைய எடுக்கலன்னு எழுதுங்க.”

எழுதினேன். பிரேமகுமாரி கையை எடுக்கவில்லை. போதகர் ஜெபித்தார். கெசியா கருவியோடு வீட்டுக்கு வந்து தன் அறையில் அந்தச் சத்தத்தை வீங்க வைத்து வடிய வைத்தாள். சுபம்.

சுதா அதையும் படித்தாள்.

“இதுல அந்தம்மா வீட்டுக்காரரு பேரு வரலியே” என்றாள்.

ஆமாம், வரவில்லை. ஜெபரத்தினம் கமிட்டியோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போவதையே நிறுத்தியவர். அவர் இறந்தபோது அடக்க ஆராதனையைக்கூட அவசரமாக முடித்தார்கள். மற்றவர்கள் குடும்பத்துப் பெயரெல்லாம் அங்கே மின்விசிறி இறக்கையில் சுற்றுகிறது, சுவர்க் கடிகாரத்தில் ஓடுகிறது. ஜெபரத்தினம் என்ற பெயர் அந்தக் கூரைக்குக் கீழே மரியாதையாக உச்சரிக்கப்பட்டது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அடித்த வரியை மறுபடி எழுதி வைத்தேன்.

“சரி, அவங்க ஏன் கைய எடுத்தாங்க? கனமா இருந்துச்சா, இல்ல வேணும்னேவா?” என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். எழுதுகிறவருக்கே தெரியாதா என்பது போலப் பார்த்தாள். நிஜமாகவே தெரியவில்லை. சிந்தசைசர் விஷயத்தில் எனக்கு என்ன குழப்பமோ அதே குழப்பம்தான் இதிலும். ஒரு பக்கம் சொன்னால் ஆமாம் என்று படுகிறது, மறுபக்கம் சொன்னால் அதுவும் ஆமாம் என்று படுகிறது.

(ஆறாம் பகுதியில் கெசியா யாருக்கும் தெரியாமல் சபைக்குள் போய் அதை எடுத்து வருகிறாள். எழுதிக் கிழித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அங்கே வாட்ச்மேனும் இருக்கிறார்.)

7

கெசியா இரண்டொரு நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேலைக்கு லீவு போட்ட ஒரு காலையில், அம்மா அடுப்பில் ரசம் கூட்டிக்கொண்டிருக்கும்போது, சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

“அம்மா, அது எனக்குன்னு வாங்கினது.”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினேதான் கைய எடுத்தியா?”

பிரேமகுமாரி கரண்டியைக் கீழே வைத்தார்.

“கை வலிச்சிதுடி, வெச்சேன். அது நெஜம். மறுபடி புடிச்சிக்கலாம்னு குனியும்போது ஐயரு உங்க நைனா பேரச் சொல்லிட்டாரு. அப்புறம் கை போவல. போவலன்னா போவல. நான் இன்னா பண்ணட்டும்?”

 ஐயரு என்று போதகரைத்தான் சொல்கிறார். அந்தச் சபையின் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கெசியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் கேக்கறத எல்லாம் வாசிக்கிறேன்மா. மாட்டேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? அது ஒண்ணுதான் எனக்குன்னு நெனச்சேன். நைனாவுக்காக நீ கேட்டிருந்தா வேற ஏதாவது வாங்கிக் குடுத்திருப்பேன்.”

“அவரு பேரச் சொல்லுங்கன்னு கேட்டுக் குடுக்கறது வேற. அவங்களா சொல்றது வேற.”

ரசம் பொங்கியது. பிரேமகுமாரி அடுப்பை அணைத்தார். உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். குடையை எடுத்தார்.

“நான் போயி ஐயருகிட்ட, தெரியாம வெச்சிட்டேன், திருப்பிக் குடுங்கன்னு கேக்கறேன். குடுத்திடுவாரு. காலேப்பு ஊரெல்லாம் சொல்லிகினு திரிவாரு, ஜெபரத்தினம் பொண்டாட்டி காணிக்கைய திருப்பி வாங்கினான்னு. சொல்லட்டும். உன் நைனாவப் பத்தி அவங்க பேசாத பேச்சா? ஆனா நீ சொல்லு. போவட்டுமா, வேணாமா?”

கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கோபத்தில் கேட்டிருந்தால் கெசியாவும் கோபத்தில் எதையாவது சொல்லியிருப்பாள், நானும் அதை எழுதிவிட்டு எழுந்திருப்பேன்.

“போம்மா” என்று எழுதினேன். தெருவில் இறங்கி நடக்கும் பிரேமகுமாரியின் முதுகு தெரிந்தது. அடித்துவிட்டேன்.

“வேணாம்மா, அங்கயே இருக்கட்டும்” என்று எழுதினேன். காலேப்புக்காக அந்தக் கருவியில் கிறிஸ்மஸ் மணிச் சத்தம் தேடும் கெசியாவின் கை தெரிந்தது. அதையும் அடித்துவிட்டேன். இரண்டும் இல்லாமல், போதகரே மனம் மாறிக் கொண்டுவந்து கொடுத்தார் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு முடியவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன், இப்போது இந்த இரண்டு பேரில் யாரை அழவைக்க என்று கேட்கிறார்கள். நீங்கள் இப்போதுதான் இவர்களைப் பார்க்கிறீர்கள், உங்களுக்கு ஒருவேளை சுலபமாக இருக்கலாம். கெசியா வாய் திறக்க வேண்டும். போ என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். வெயில் ஏறுகிறது. அந்தம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.