மான் பங்கு

எங்கள் அத்தான் தபோதரன் வேட்டைக்காரனானதற்குக் காரணம் ஆட்டுக் கழுத்து.

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் எங்களவர்கள் சில குடும்பங்கள் சேர்ந்து பங்கு இறைச்சி போடுவது வழக்கம். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக்காரன் ஆட்டை அறுத்து உரித்துத் தருவான். அதைச் சோதிலிங்கம் அண்ணையின் கராஜுக்குக் கொண்டுவந்து, தறப்பாள் விரித்து, வெட்டிக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். கத்தி சோதிலிங்கம் அண்ணையின் கையில் இருக்கும். எந்தக் குவியலில் ஈரல், எதில் தொடை என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அத்தானின் குவியலில் எப்போதும் கழுத்துத்தான் விழும்.

"கழுத்திலைதான் தபோ ருசி. தெரிஞ்சவனுக்குத் தெரியும்" என்பார் சோதிலிங்கம் அண்ணை, ஈரலைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டே.

வேறு யாராவது என்றால் வாய் திறந்து ஒருநாள் கேட்டிருப்பார்கள். அத்தான், இந்த நாட்டில் வேட்டை அனுமதிக்கு எழுதவேண்டிய வேட்டைப் பரீட்சையை எழுதினார். ஜெர்மன்காரர்களே தலையில் கைவைக்கும் அந்தப் பரீட்சையில் எப்படியோ தேறி, பச்சைத் தொப்பி ஒன்றும் வாங்கி, அதைச் சாப்பாட்டு மேசையிலும் கழற்றாமல் இருந்தார். பிறகு அறிவித்தார்: ஒக்டோபரில் அமெரிக்காவில் வயோமிங்கிற்குப் போய், வழிகாட்டி ஒருவருடன் புரோங்ஹோர்ன் வேட்டை. கொம்பில் கவர் விட்ட, பரந்த புல்வெளியில் காற்றைப்போல ஓடும் ஒரு மிருகம் அது. எங்கள் வீட்டில் அதற்கு 'மான்' என்றே பெயராகிவிட்டது.

"இஞ்சத்தைக் காட்டிலை மான் இல்லையோ?" என்று அக்கா சாரங்கா கேட்டாள்.

"இஞ்சத்தை மானை எல்லாரும் திண்டிட்டாங்கள்."

அடுத்த பங்கன்று கராஜில், கழுத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அத்தான் தொண்டையைச் செருமினார்.

"தீபாவளிக்கு ஆடு சொல்லாதேங்கோ. இந்த முறை மான் பங்கு. நான் கொண்டுவந்து நானே வெட்டித் தாறன்."

சோதிலிங்கம் அண்ணையின் கத்தி நின்றது. "மான் நிண்டு தருமோ, தபோ?"

"வழிகாட்டி ஒராள் இருக்கிறா, அண்ணை. லிசா எண்டு."

"அப்ப அவவே சுட்டு அனுப்பட்டன். நீ ஏன் வீணா முழங்காலை நோகடிக்கிறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் சிரித்து முடிந்ததும் சூசைதாசன் அண்ணை மெதுவாக, "ஈரலை எனக்கு வையும், தம்பி" என்றார். இன்னொருவர் தொடை கேட்டார். அத்தான் அரசர் நிலம் வழங்குவதுபோலத் தலையசைத்தார்.

"சரி, தீபாவளிக்கு மான்தான்" என்றார் சோதிலிங்கம் அண்ணை. அந்தச் 'சரி' அத்தானுக்குப் போதுமாயிருந்தது. தீபாவளியன்று அந்தக் கத்தி தன் கைக்கு வரவேண்டும், சோதிலிங்கம் அண்ணை குவியலுக்குப் பக்கத்தில் பையோடு நிற்கவேண்டும். மனிதர் கடல் கடந்து போக ஆயத்தப்பட்டது இதற்காகத்தான்.

ஆயத்தங்களை நான் செய்தேன். லிசாவுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. அந்தப் பெண் பொறுமைசாலி. எவ்வளவு தூரத்திலிருந்து குறி தவறாமல் சுடுவீர்கள், நாள் முழுக்க நடப்பீர்களா, அதன் கண் மிகக் கூர்மையானது, ஆகவே புல்லோடு புல்லாகத் தவழ முடியுமா என்றெல்லாம் கேட்டு எழுதுவாள்.

"அதுகளை விடும், ஆதிரை. எலும்போடை எத்தினை கிலோ வரும் எண்டு கேளும்" என்பார் அத்தான்.

தவழ்ந்து பழகவும் செய்தார். வீடு கூட்டும் தும்புத்தடியைத் துவக்காகப் பிடித்து, கம்பளத்தில் படுத்து, தொலைக்காட்சியைக் குறிபார்த்தார். எழும்ப முடியாமல் அக்காவைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு பயிற்சி சோபாவில் நடந்தது. இறைச்சி கொண்டுவர ஒரு குளிர்ப்பெட்டி வாங்கினார். அது காருக்குள் போகவில்லை.

மின்னஞ்சல்களை எழுதி முடித்த பிறகு அந்தப் புல்வெளியை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு மரமும் இல்லை. காற்று மட்டும். தூரத்தில் ஒரு மிருகம் தலை நிமிர்த்திப் பார்க்கிறது. அதை நோக்கி ஒரு பெரிய குளிர்ப்பெட்டி ஊர்ந்து வருகிறது. அதற்கு மேல் என் கற்பனை ஓடாது.

செப்டெம்பரில் லிசா வீடியோவில் வந்தாள். வெயிலில் சிவந்த முகம். அத்தான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் இருந்தார். கடைசி விபரங்களைப் பேசினார்கள்: எங்கே தங்குவது, என்ன சப்பாத்து, விடிய எத்தனை மணிக்கு எழும்புவது. பிறகு அவள், "இறைச்சியை என்ன செய்யப்போகிறீர்கள்? வெளிநாட்டவர்கள் வழக்கமாக எங்கள் ஊர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள்" என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன்.

"இல்லையெண்டு சொல்லும். கொண்டுபோறன் எண்டு சொல்லும்."

சொன்னேன். அவள் கையை விரித்தாள். அங்கேயிருந்து ஐரோப்பாவுக்குள் பயணிகள் இறைச்சி கொண்டுபோக ஏலாது, விமான நிலையத்திலேயே எடுத்து எறிந்துவிடுவார்கள் என்றாள். தலையைப் பதப்படுத்திப் பத்திரங்களோடு பிறகு அனுப்பலாம். அது வடிவாக இருக்கும்.

பரீட்சைக்காக இந்த நாட்டின் வேட்டைச் சட்டம் முழுவதையும் பாடமாக்கியவர் அத்தான். இதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

"தலையை எத்தினை பங்காப் போடுவியள்?" என்று குசினியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

அத்தான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், "சோதியண்ணை பண்ணைக்காரனிட்டை ஆடு வேண்டாமெண்டு சொல்லியிருப்பார். தீபாவளிக்கு ஒருதருக்கும் இறைச்சி இல்லை. என்னாலை" என்றார். முதன்முதலாகத் தொப்பி இல்லாமல் இருந்தார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சோதிலிங்கம் அண்ணை கராஜில் கார் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். சட்டம், விமான நிலையம், ஏழைகள், தலை. சோதிலிங்கம் அண்ணை நட்டை இறுக்கி முடித்தார்.

"நான் ஆடு அண்டைக்கே சொல்லிப்போட்டன்" என்றார்.

அத்தானின் முகம் மலர்ந்தது. "மெய்யோ, அண்ணை? எல்லாருக்கும் காணுமோ?"

"எல்லாருக்கும் காணும். உனக்குத்தான் பங்கு வைக்கேல்லை. உன்னட்டை மான் இருக்கெண்டெல்லோ சொன்னனி."

வெளியே ஒரு பஸ் போய் மறைந்தது. லிசா அந்நேரம் எங்கேயோ ஒரு மேட்டில் படுத்து, எங்களுக்காக மிருகம் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்த மிருகம் தாராளமாக மேயலாம்.

அத்தான் டயருக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். அவ்வளவு பெரிய புல்வெளி, அவ்வளவு பெரிய குளிர்ப்பெட்டி, பச்சைத் தொப்பி எல்லாம் போய், மனிதர் கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"கழுத்தை எண்டாலும் வையுங்கோவன், அண்ணை."

"கழுத்தைச் சூசைதாசன் கேட்டிட்டான்" என்றார் சோதிலிங்கம் அண்ணை, அடுத்த டயரை உருட்டிக்கொண்டு. "அதிலைதானாம் ருசி."