சிவப்பிக்குப் போர்த்திய பொன்னாடை

ஸ்கந்தபுரத்தில் கோழிக்கூட்டுக்கு நினைவுக்கல் வைத்த ஒரே மனிதர் வீரபாகுதான். கோழி வளர்ப்போர் சங்கத் தலைவர் அல்லவா, கூடும் மாதிரிக் கூடாக இருக்க வேண்டாமா? பளபளவென்று சீமெந்து நிலம். கோழிகள் ஏறிப் படுக்க, படத்தில் எடுப்பாக விழ வேண்டுமென்று நெஞ்சளவு உயரத்தில் இரும்புக் குழாய். திறப்புவிழாவில் கோழிகள் கைதட்டாத குறைதான்.

அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு, சிறந்த வளர்ப்பாளர் என்று பொன்னாடை போர்த்த, கால்நடை அதிகாரி லக்சிகா இன்று பின்னேரம் வருவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால், மனைவி கமலேஸ்வரியின் செல்லப் பேடு சிவப்பி ஒற்றைக் காலில் நிற்கிறது.

"இண்டைக்கெண்டு பாத்து நொண்டுது. ஆக்கள் வரமுதல் கறியாக்கிப் போடுவம், கமலேசு," என்றார் வீரபாகு.

"போன கிழமை உங்களுக்கும் முழங்கால் நோகுதெண்டனீங்கள். நான் சட்டியை எடுத்தனானோ?"

கமலேஸ்வரி கோழியைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பினாள். அடிப்பாதம் வீங்கி, நடுவில் மிளகளவு கறுத்த பொருக்கு.

"உதுக்குத்தானே போன கூட்டத்திலை மைக்கைப் பிடிச்சுக்கொண்டு வைத்தியம் சொன்னனீங்கள். வாங்கோப்பா, செய்வம்."

சொன்னது உண்மைதான். செய்ததில்லை. அவர் கை கோழியில் பட்டதெல்லாம் சோற்றுக் கோப்பையில்தான்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீருக்குள் காலை வைத்ததும் சிவப்பி சிறகால் அவர் முகத்தில் அறைந்தது.

"துணியாலை சுத்திப் பிடிக்கோணும் எண்டு சொன்னதும் நீங்கள்தான்."

"நான் சொல்லேக்கை கோழி பக்கத்திலை இல்லை."

கமலேஸ்வரி அலுமாரியைத் திறந்தாள். உள்ளே பொன்னாடைகளுக்கா பஞ்சம்? ஒன்றை எடுத்துக் கோழிக்குப் போர்த்தினாள். சிவப்பி அப்படியே அடங்கியது.

"பாருங்கோ, போர்த்தினவுடனை என்ன மரியாதையா இருக்குது. உங்களைப் போலை."

ஊறி இளகிய பொருக்கு நோகாமல் கழன்றது. சீழை ஒற்றி எடுத்து, புண்ணுக்குப் போடும் அயடீன் பூசிவிட்டு, கமலேஸ்வரி இன்னொரு பொன்னாடையில் கத்திரிக்கோலை வைத்தாள்.

"அது வாசிகசாலைத் திறப்பிலை போர்த்தினது," என்று முனகினார் வீரபாகு.

"சரிகையை விட்டிட்டன். அது காலை அறுக்கும். நடுத்துணி போதும்."

கட்டுப் போட்டு முடியவில்லை, படலையில் மோட்டார் சைக்கிள். பின்னேரம் வரவேண்டிய லக்சிகா காலையிலேயே வந்து நின்றார். தலைவரின் மடியில் பட்டும் சரிகையுமாகக் கோழி.

"வணக்கம் ஐயா. ஆருக்குப் பாராட்டு விழா?"

சிரிப்பு அடங்கியதும் லக்சிகா கோழியின் காற்கட்டைப் பார்த்தார். "நல்ல வேலை." பிறகு கூட்டுக்குள் தலையை நீட்டினார். "உந்த உயரத்திலை இருந்து சீமெந்திலை குதிச்சால் எனக்கும் கால் வீங்கும். ஆர் கட்டினது?"

வீரபாகு கோழியையும் அணைத்துக்கொண்டு போய் நினைவுக்கல்லுக்கு முன்னால் நின்றார். தன் பெயரை அவர் மறைத்து நின்றது வாழ்க்கையில் அன்றுதான்.

"குழாயைக் கீழை இறக்கி, நிலத்திலை தடிப்பா வைக்கோல் போடுங்கோ ஐயா. பிறகு வந்து பாத்துப் போர்த்துவம்." லக்சிகா கையோடு கொண்டுவந்த பொன்னாடையைத் திரும்பப் பைக்குள் வைக்கப்போனார்.

"பிள்ளை, அதை வைச்சிட்டுப் போங்கோ," என்றாள் கமலேஸ்வரி. "நாளைக்கும் கட்டு மாத்தோணும்."

லக்சிகா சிரித்துக்கொண்டே அதை விரித்துப் பிடித்தார். பொன்னாடையைக் கண்டால் தானாகவே தோளைக் கொடுக்கிற வீரபாகு, இந்த முறை கோழியை நீட்டினார்.