கம்பியை விட்டு வைங்க

எங்க வீடு ஒரு பக்கமா சாய்ஞ்சது தெருவுக்கே தெரியும். சமையலறை மூலை மண்ணுல இறங்கிடுச்சு. கூடத்துல ஒரு பென்சில் கீழ விழுந்தா நேரா அடுப்படிக்குத்தான் ஓடும். என் வீட்டுக்காரர் இதுக்கெல்லாம் அசர்ற ஆளா? கதவு இடிச்சா இழைப்புளியை எடுத்துட்டு உக்காந்துடுவார். மேல் பக்கம் சீவுவார். கீழ சந்து விழுந்தா ஒரு மரப்பட்டையை வெச்சு ஆணி அடிப்பார். வீடு இறங்க இறங்கக் கதவுங்களும் கோணிக்கிட்டே போச்சு. "எப்படிச் சாத்துது பாத்தியா?"ன்னு பெருமை வேற. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எனக்கு இந்த வீடே வேணாம். இதைச் சொல்றதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. இது என் மாமனார் கட்டினது. எந்த ஆணியில எந்தத் துண்டு தொங்கணும்கிற வரைக்கும் அவர் வெச்சதுதான் சட்டம். அவர் கெட்டவர் இல்ல, ஆனா இங்க என் இஷ்டத்துக்கு ஒரு நாற்காலியை நகத்த முடியாது. நான் தையல் வேலைக்குப் போற கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு ஃபிளாட் பாத்து வெச்சேன். மாமாவுக்கு ஒரு ரூம், எங்களுக்கு ஒரு ரூம். ஜன்னலைத் திறந்தா காத்து முகத்துல அடிக்கும். வீட்டுக்காரரையும் இழுத்துட்டுப் போய்க் காட்டினேன். "சரி, இதை நிமித்திட்டு வித்துடலாம். கோணலா நின்னா எவன் வாங்குவான்?"னார். அந்த ஒரு பேச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் மூச்சு விட்டுட்டிருந்தேன்.

ஆள் தேடினேன். ஆமா, நான்தான் தேடினேன், அவர் நகர மாட்டாரே. முதல்ல வந்த கான்ட்ராக்டர் வாசல்ல நின்னபடியே, "மொத்தமா இடிச்சிட்டுக் கட்டிடலாம்"னான். மாமா அவனைப் பாத்த பார்வையில அவன் வண்டியைக்கூட சரியா ஸ்டார்ட் பண்ணல. அடுத்தவன் சுவத்தை ரெண்டு குத்து குத்திட்டு, "விரிசலைப் பூசி பெயின்ட் அடிச்சா தெரியாதுக்கா"ன்னான். உன் மூஞ்சிக்கு அடிச்சுக்கடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மூணாவதா வந்தவர்தான் உருப்படி. ரசமட்டத்தைத் தரையில வெச்சுப் பாத்தார், மழைத்தண்ணி எங்க தேங்குதுன்னு கேட்டார். "வெளிய குழி எடுத்து, அஸ்திவாரத்துக்கு அடியில ஜாக்கி குடுத்துத் தூக்கணும். தூக்கினப்புறம் மூலைக்கு மூலை பில்லர் போட்டு கான்கிரீட் ஊத்திடலாம்"னார். அவருக்கு நான் வெச்ச பேரு ஜாக்கி அண்ணன்.

வீட்டைச் சுத்திக் குழி விழுந்துச்சு. வெளிய போக ஒரே ஒரு பலகை. நான் அதுமேல சந்தோஷமாவே நடந்தேன்.

தூக்குற அன்னிக்கு காலையில, "உள்ள யாரும் இருக்கக்கூடாது"ன்னு ஜாக்கி அண்ணன் கறாரா சொல்லிட்டார். மாமா மட்டும் தன் ரூம்ல கட்டில் மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டார்.

"நான் கட்டின வீடு என் தலையில விழாது."

"மாமா, எழுந்திரிங்க மாமா. ஒரு அரை மணி நேரம்."

"தூசி வருது, முதல்ல அந்தக் கதவைச் சாத்தும்மா."

சாத்தினேன். என் கையாலயே சாத்தினேன். சட்டை போட்டாத்தான் வெளிய வருவேன்னார், சட்டையைத் தேடினேன். அதுக்குள்ள வெளிய என் வீட்டுக்காரர், "உள்ள யாரும் இல்ல, தூக்குங்க!"ன்னு குரல் குடுத்தது கேட்டுச்சு. உள்ள யாரும் இல்லையாம்! கட்டின பொண்டாட்டியும் பெத்த அப்பனும் அவருக்குக் கணக்குலயே வரல.

தரை முனகுச்சு. சுவர்ல இருந்து காரை உதிர்ந்துச்சு. நான் மாமா கையைப் பிடிச்சேன், அவர் என் கையைப் பிடிச்சார். அப்புறம் எல்லாம் அடங்கிடுச்சு. தரை நேரா இருந்துச்சு. நிஜமாவே நேரா! ஓடிப் போய்க் கதவை இழுத்தேன். அசையல. காலை முட்டுக் குடுத்து இழுத்தேன். ம்ஹும். அப்பத்தான் உறைச்சுது. வீடு நிமிந்துடுச்சு, கதவு கோணலாவே இருக்கு. இத்தனை வருஷம் கோணலுக்குன்னு சீவிச் சீவி வெச்ச கதவு, நேரான நிலைக்குள்ள போய் ஆப்பு மாதிரி இறுகிடுச்சு.

"ஏங்க! கதவு மாட்டிக்கிச்சு!"ன்னு ஜன்னல் கம்பி வழியா கத்தினேன்.

அவர் பதறிட்டார், பாவம். "ஐயையோ, அப்பாவும் உள்ளயா? எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்கார். திறந்து விடுங்க."

"இதோ, வந்துட்டேன்."

அவர் திரும்பறதுக்குள்ள ஜாக்கி அண்ணன் மறிச்சார். கலவை மெஷின் வந்து நின்னுடுச்சு, அதைக் காக்க வைக்க முடியாது. "சார், ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. மேல மாடி எடுக்குற எண்ணம் இருக்கா? இருந்தா பில்லர் கம்பியை நீளமா விடணும். இல்லேன்னா வெட்டிட்டு மூடிடுவேன். ஊத்தினப்புறம் கேக்காதீங்க."

வெட்டச் சொல்லுங்க, வெட்டச் சொல்லுங்கன்னு மனசு அடிச்சுக்குது. என் வீட்டுக்காரர் கொஞ்சம் பின்னால போய் நின்னு வீட்டைப் பாத்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் மூஞ்சியில நான் கல்யாணத்தன்னிக்குக்கூட பாத்ததில்ல.

"எவ்வளவு கம்பீரமா நிக்குது பாருங்க! கம்பியை விட்டு வைங்க."

"வேணாங்க! வெட்டச் சொல்லுங்க! விக்கணும்னு சொன்னீங்களே!"

மெஷின் கடகடன்னு உருள ஆரம்பிச்சிடுச்சு. என் குரல் எனக்கே கேக்கல. அவர் திரும்பிப் பாத்தார். நான் கதவுக்காகத்தான் கத்துறேன்னு நெனச்சு, பயப்படாதேன்னு கையை ஆட்டினார். நான் ஜன்னல் கம்பியை உலுக்கினேன். தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். குழிக்குள்ள கான்கிரீட் இறங்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு மூலையிலயும் கம்பி வானத்தைப் பாத்து நின்னுச்சு.

"என்னம்மா, ஏன் அழறே?"ன்னு மாமா கேட்டார். "தூசி மாமா"ன்னேன்.

எல்லாம் ஊத்தி முடிச்சப்புறம்தான் கதவுகிட்ட இழைப்புளிச் சத்தம் வந்துச்சு. பட்டையைப் பேத்து, மேல சீவி, ஒருவழியா திறந்தார். தலை முழுக்க மரத்தூள். மாமா அவரைத் தள்ளிட்டு, தரையைப் பாக்கணும்னு கூடத்துக்கு ஓடிட்டார்.

"ரொம்ப பயந்துட்டியா?"ன்னு என் தோள்ல கை வெச்சார்.

கையைத் தட்டி விட்டேன். "அப்ப ஃபிளாட்டு?"

"எந்த ஃபிளாட்டு?"

நான் அவர் மூஞ்சியையே பாத்தேன். நடிச்சிருந்தா பிலுபிலுன்னு பிடிச்சிருப்பேன். அந்த மனுஷனுக்கு நெஜமாவே ஞாபகம் இல்ல.